அறுபதுகளின் பைக்கர் படங்கள்: ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது?

1969இல் வந்த அமெரிக்கப் பைக் பயணப் படமான ஈஸி ரைடரைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது, இதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதுதான். தேடிப் பார்த்தால் ஒரு நீண்ட பட்டியல் வந்து விழும். பாதிப் படங்களின் பெயரில் ஏஞ்சல்ஸ் இருக்கும், மீதியில் டெவில், சாத்தான், சாவேஜ் என்று ஏதாவது ஒன்று. போஸ்டர்களும் அண்ணன் தம்பி மாதிரிதான்: நீண்ட ஹேண்டில்பார் வைத்த பைக், பின்னால் ஒரு பெண், ஓரத்தில் தீ. இவை எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது, பார்க்கத் தேவையும் இல்லை. ஆனால் ஒன்றையாவது பார்க்க வேண்டும். அது எது என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

போட்டியில் நிற்பவை என்று நான் எடுத்துக்கொள்வது மூன்று. ரோஜர் கார்மன் இயக்கிய தி வைல்ட் ஏஞ்சல்ஸ் (1966), ரிச்சர்ட் ரஷ் இயக்கிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆன் வீல்ஸ் (1967), டாம் லாஃப்லின் இயக்கி நடித்த தி பார்ன் லூசர்ஸ் (1967). மற்றவற்றில் சிலவற்றைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில் இந்த வகைப் படங்கள் ஏன் இப்படி வரிசை கட்டி வந்தன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பைக் கும்பல் என்பது அமெரிக்காவில் அறுபதுகளின் கண்டுபிடிப்பு இல்லை. 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிறிய ஊரில் பைக் ஓட்டிகள் கூடிக் கலாட்டா செய்தது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அதைத் தொட்டு 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த தி வைல்ட் ஒன் வந்தது. அது பெரிய ஸ்டூடியோ படம். அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் பெரிய சத்தம் எதுவும் இல்லை. 1965இல் கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் தாமஸ் லிஞ்ச், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற நிஜப் பைக் கும்பலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. மறு ஆண்டு தொடக்கத்தில் லைஃப் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இறந்துபோன ஒரு ஹெல்ஸ் ஏஞ்சலின் இறுதி ஊர்வலம், வரிசையாகப் பைக்குகள். கார்மன் அதைப் பார்த்தார். படம் பிறந்துவிட்டது.

கார்மன் வேலை செய்தது அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்ற கம்பெனிக்காக. ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்க்காஃபும் நடத்திய அந்தக் கம்பெனிக்கு டிரைவ்-இன் தியேட்டரில் காரை நிறுத்திப் படம் பார்க்கும் இளவட்டங்கள்தான் வாடிக்கையாளர்கள். கடற்கரையில் ஆடிப்பாடும் படங்களை எடுத்துத் தள்ளி, அந்த மோகம் வடியத் தொடங்கிய நேரம் அது. பைக்கர் படம் அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. செட் போட வேண்டாம், பாலைவனமும் நெடுஞ்சாலையும் அங்கேயே கிடக்கின்றன. உடையலங்காரம் தேவையில்லை, துணை நடிகர்கள் சொந்த ஜாக்கெட்டிலேயே வருவார்கள். பைக்கையும் அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள். வைல்ட் ஏஞ்சல்ஸுக்கு ஆன செலவு சுமார் 3,60,000 டாலர். வசூல் அதைப் போலப் பல மடங்கு. அதன் பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்?

இத்தனை படங்களிலும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு கும்பல், ஒரு தலைவன், ஒரு சிற்றூர், ஒரு சண்டை. அதனால் கதையை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. நடிப்பை வைத்தும் முடியாது, நல்ல நடிகர்கள் எல்லாப் படத்திலும் சிதறிக் கிடக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கேமரா யார் பக்கம் நிற்கிறது? கும்பலுக்கு வெளியே தள்ளி நின்று பார்க்கிறதா, கும்பலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறதா, கும்பலுக்கு எதிரே நிற்கிறதா? என் மூன்று படங்களும் இந்த மூன்று இடத்திலும் ஆளுக்கு ஒன்றாக நிற்கின்றன.

வைல்ட் ஏஞ்சல்ஸ் தள்ளி நின்று பார்க்கும் படம். தொடக்கத்திலேயே அது தெரிந்துவிடும். ஒரு சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வருகிறான். அம்மா பதறிக்கொண்டு பின்னால் ஓடிவருகிறாள். சைக்கிள் போய் நிற்கும் இடத்தில் எதிரே ஒரு சாப்பரின், அதாவது முன்பக்கம் நீண்ட பைக்கின், முன்சக்கரம், அதன் மேல் பீட்டர் ஃபோண்டா. அவர் பாத்திரத்தின் பெயர் ஹெவன்லி ப்ளூஸ். அவருடைய நண்பன் லூசர், அதாவது புரூஸ் டெர்ன், எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து துரத்தப்படுகிறான். காரணம் அவன் மாட்டியிருக்கும் நாஜிச் சின்னம். போருக்குப் போய் வந்த ஓர் ஆளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. லூசரின் பைக் திருடுபோயிருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு கும்பலே கிளம்புகிறது. சண்டை, போலீஸ், துப்பாக்கிச் சூடு. சுடப்பட்ட லூசரை ஆஸ்பத்திரியிலிருந்து நண்பர்களே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வைத்தியம் இல்லாமல் அவன் செத்துப்போகிறான். நண்பனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவனைச் சாகடித்தவர்கள் அவர்கள்தான். படம் அதை யார் வாயாலும் சொல்வதில்லை, காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

படத்தின் பின்பாதி ஒரு சவ அடக்கம். சிற்றூர் தேவாலயத்தில் பாதிரியார் பேசத் தொடங்க, ப்ளூஸ் குறுக்கே புகுந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பேச்சுப் பேசுகிறான். சுதந்திரம் வேண்டும், யாரும் தொந்தரவு செய்யாமல் பைக் ஓட்ட வேண்டும், போதையேற்றிக்கொள்ள வேண்டும், கூத்தடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவனிடம் இருக்கும் சரக்கு. இந்தப் பேச்சு 1990இல் பிரைமல் ஸ்க்ரீம் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் லோடட் பாட்டில் அப்படியே ஒலித்தது. பாட்டைக் கேட்டு ஆடியவர்களில் நிறையப் பேர் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பாட்டில் அது கொண்டாட்டமாகக் கேட்கிறது. படத்தில் அந்தப் பேச்சு முடிந்ததும் தேவாலயம் சூறையாடப்படுகிறது. பிணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து உட்கார வைக்கிறார்கள், இறந்தவனின் மனைவியையே நாசம் செய்கிறார்கள். கேட்ட சுதந்திரம் கிடைத்ததும் அதை வைத்து அவர்களுக்குச் செய்யத் தெரிந்தது இதுதான். கார்மன் இதைக் கண்டிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை. கேமரா பாட்டுக்கு நிற்கிறது. இந்த விலகல்தான் எனக்கு இந்தப் படத்தில் முக்கியம். சிலருக்கு இதுவே குறையாகப் படும், ஏன் யாருக்காகவும் மனசு இளகவில்லை என்று. நியாயமான புகார்தான்.

கதாநாயகனாக முதலில் பேசப்பட்டவர் வெஸ்ட் சைட் ஸ்டோரி நடிகர் ஜார்ஜ் சக்கிரிஸ். அவருக்குப் பைக் ஓட்ட வரவில்லை. லூசர் வேடத்துக்கு வந்திருந்த ஃபோண்டா அந்த இடத்துக்கு ஏறினார், லூசர் டெர்னுக்குப் போனது. இரண்டு பேருக்குமே அதிர்ஷ்டம். கூடவே பாடகி நான்சி சினாட்ரா. அவருடைய பூட்ஸ் பாட்டு அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது, அதனால் போஸ்டரில் அவர் பெயர் கனமாக இருக்கும். படத்தில் அவருக்குப் பெரிய வேலை இல்லை, நடிப்பும் சுமார். டெர்னின் நிஜ மனைவி டயான் லாட்தான் படத்திலும் அவர் மனைவி. சார்ல்ஸ் கிரிஃபித் எழுதிய திரைக்கதையைத் திருத்தி எழுதியவர் பிற்காலத்தில் பெரிய இயக்குநரான, அப்போது பெயர் தெரியாத பீட்டர் போக்டனோவிச். எடிட்டிங் மாண்டி ஹெல்மன். டேவி ஆலனின் கரகரப்பான கிட்டார் இசையை மட்டும் தனியாகக் கேட்டாலும் தப்பில்லை. அதிலிருந்து வந்த ப்ளூஸஸ் தீம் 1967இல் பில்போர்டு பட்டியலில் 37ஆம் இடம் வரை போனது.

துணை நடிகர்களாக வந்தவர்கள் அசல் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ். படம் வந்த பிறகு தங்களை அவமானப்படுத்திவிட்டதாகக் கார்மன் மேல் வழக்குப் போட்டார்கள், கொன்றுவிடுவதாகவும் மிரட்டினார்கள். ‘என்னைக் கொன்றுவிட்டால் நஷ்ட ஈட்டை யாரிடம் வாங்குவீர்கள்?’ என்று தான் திருப்பிக் கேட்டதாகக் கார்மன் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். அதே படம் 1966 வெனிஸ் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது. பிரிட்டன் தணிக்கைக்காரர்களோ பல வருஷம் அனுமதியே தரவில்லை.

அப்புறம் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆன் வீல்ஸ். இது கும்பலுக்குள் போய் உட்காரும் படம். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் கோபத்தில் வேலையை விட்டுவிட்டு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸோடு ஒட்டிக்கொள்கிறான். பட்டப் பெயர் போயட். நடித்தவர் ஜாக் நிக்கல்சன். தலைவன் பட்டியாக ஆடம் ரோர்க், தலைவனின் காதலி ஷில்லாக சப்ரினா ஷார்ஃப். அவள் போயட்டை இழுத்து இழுத்து விளையாடுகிறாள், போயட் விழுகிறான், தலைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். முக்கோணக் காதல்தான், புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ரோர்க்கின் பட்டியைக் கவனியுங்கள். அவன் கத்துவதே அபூர்வம், சிரித்துக்கொண்டே எல்லாரையும் கைக்குள் வைத்திருக்கிறான். ஒரு கும்பல் ஏன் ஒருவன் பின்னால் போகிறது என்பது இந்தப் பட்டியலில் உள்ள வேறெந்தப் படத்தையும்விட இதில் நன்றாகப் புரியும். நிக்கல்சன் இன்னும் நிக்கல்சன் ஆகவில்லை. அந்தச் சிரிப்பும் புருவமும் அவ்வப்போது எட்டிப் பார்க்கின்றன, அவ்வளவே.

இந்தப் படத்தின் நிஜக் கதாநாயகன் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார். ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்ஸ். 1956இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது, இன்னொரு ஒளிப்பதிவாளரான வில்மோஷ் சிக்மண்டுடன் சேர்ந்து புடாபெஸ்ட் தெருக்களில் நடந்ததைப் படம்பிடித்து, அந்த ஃபிலிமோடு எல்லையைத் தாண்டி வந்தவர். அமெரிக்காவில் இப்படிப்பட்ட சின்னப் படங்களில்தான் கால் ஊன்றினார். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுக்கும் டெலி லென்ஸில் பைக் வரிசை அலை மாதிரி நெளிந்து வருவது, ஒரே ஷாட்டில் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு ஃபோகஸ் வழுக்கிக்கொண்டு போவது, இதெல்லாம் இயக்குநர் ரஷ்ஷும் அவரும் சேர்ந்து பழகிக்கொண்ட வித்தை. இரண்டு ஆண்டு கழித்து ஈஸி ரைடரின் சாலைகளைக் கோவாக்ஸ் படம்பிடித்தபோது கைக்கு வந்திருந்த பழக்கத்தில் பாதி இங்கே வந்ததுதான். ஒளிப்பதிவு பார்க்கப் பிடிக்கும் ஆளாக இருந்தால் இந்தப் படத்தை விடவே கூடாது.

குறை எங்கே என்றால், உள்ளே போய் உட்கார்ந்த கேமரா அங்கேயே மயங்கிவிட்டது. நிஜ ஹெல்ஸ் ஏஞ்சல்ஸின் ஓக்லாந்து கிளைத் தலைவர் சன்னி பார்ஜரே படத்தில் தலை காட்டுகிறார், ஆலோசகராகவும் இருந்தார். அவர் பக்கத்தில் நிற்கும்போது அவருடைய ஆட்களைப் பற்றி எவ்வளவு தூரம் உண்மை பேச முடியும்? கும்பல் ஓர் ஆளைக் கொன்றுவிடுகிறது, படம் ஒரு தோள்குலுக்கலோடு அடுத்த பார்ட்டிக்குப் போய்விடுகிறது. முடிவும் கையில் ஃபிலிம் தீர்ந்துபோன மாதிரி சட்டென்று வெட்டுப்படுகிறது. இசை ஸ்டூ ஃபிலிப்ஸ். பிற்காலத்தில் நைட் ரைடர் தொலைக்காட்சித் தொடரின் தீம் இசையில் பங்கு உள்ளவர். அந்த இசை இப்போதும் நினைவிருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கலாம், பெரிய ஒற்றுமை எதுவும் கிடைக்காது.

பார்ன் லூசர்ஸ் கும்பலுக்கு எதிரே நிற்கிறது. பில்லி ஜாக் என்ற பாத்திரம் முதன்முதலாக வந்த படம் இது. பாதி அமெரிக்கப் பழங்குடி, அமெரிக்க ராணுவத்தின் கிரீன் பெரே சிறப்புப் படையில் இருந்து திரும்பியவன், பேச்சு குறைவு. ஓர் இளைஞனைப் பைக் கும்பல் நடுத்தெருவில் அடித்து நொறுக்கும்போது ஊரே வேடிக்கை பார்க்கிறது, பில்லி ஜாக் மட்டும் துப்பாக்கியோடு இறங்குகிறான். நீதிமன்றம் கும்பலுக்குக் கொடுத்த தண்டனையைவிட அவனுக்குக் கொடுத்தது பெரிது. அப்புறம் அந்தக் கும்பல் பெண்களைச் சீரழிக்கிறது, சாட்சி சொல்ல யாரும் வரக்கூடாது என்று வீடு வீடாகப் போய் மிரட்டுகிறது. விக்கி என்ற கல்லூரிப் பெண் சாட்சி சொல்லத் துணிகிறாள். தனி ஒருவன் ஊருக்காக எழுந்து நிற்கும் கதை, நமக்குப் பழகிய தடம்தான். அதனாலேயே இந்த மூன்றில் தொடர்ந்து பார்க்க எளிதானது இதுதான். நீளம் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். மற்ற இரண்டும் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

விக்கியாக நடித்த எலிசபெத் ஜேம்ஸ்தான் வேறு பெயரில் திரைக்கதையும் எழுதினார். இது அந்தக் காலப் பைக்கர் படங்களில் அபூர்வம். அது தெரியவும் செய்கிறது. பாதிக்கப்பட்ட பெண்களின் வீடுகளுக்குள் படம் போகிறது, அம்மாக்கள் மூடி மறைப்பதைக் காட்டுகிறது. அந்த அம்மாக்களில் ஒருவராக நாற்பதுகளின் நட்சத்திரம் ஜேன் ரஸ்ஸல். இன்னொரு பக்கம், விக்கியையே வெள்ளை பிகினியில் பைக் ஓட்டவிட்டு விளம்பரம் செய்ததும் இதே படம்தான். பாலியல் வன்முறையைக் கண்டித்துக்கொண்டே அதை வைத்து டிக்கெட் விற்கும் இந்த இரட்டை வேலை எனக்கு எரிச்சலாக இருந்தது. வைல்ட் ஏஞ்சல்ஸிலும் அந்த வன்முறை இருக்கிறது, அங்கே யாரும் நியாயம் பேசிக்கொண்டு வருவதில்லை. இந்த மூன்றில் எதையும் வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

லாஃப்லினுக்கு இது ஒரு படிக்கட்டு. மனைவி டெலோரஸ் டெய்லரின் ஊரில், தெற்கு டகோட்டாவில், பழங்குடி மக்களை நடத்திய விதத்தைப் பார்த்து ஐம்பதுகளிலேயே பில்லி ஜாக் கதையை எழுதி வைத்திருந்தார். அதற்குப் பணம் போட ஆள் இல்லை. பைக்கர் படத்துக்கு ஆள் இருந்தது. அதனால் தன் நாயகனைப் பைக்கர் படத்துக்குள் அனுப்பினார். 1971இல் பில்லி ஜாக் என்ற பெயரிலேயே படம் வந்து பிய்த்துக்கொண்டு ஓடியதும், பார்ன் லூசர்ஸை முதலில் வெளியிட்ட அதே அமெரிக்கன் இன்டர்நேஷனல் கம்பெனி அதை மறுபடி தியேட்டருக்கு அனுப்பி இன்னொரு ரவுண்டு சம்பாதித்தது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. ரஸ் மேயரின் மோட்டார்சைக்கோ 1965லேயே வந்துவிட்டது. கறுப்பு வெள்ளை, மூன்றே பேர் கொண்ட கும்பல், சின்னச் சின்ன பைக்குகள், தலைவன் பெயர் பிராமின். அந்தப் பெயரை எங்கிருந்து பிடித்தார்களோ! வியட்நாமிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய சிப்பாயைக் காட்டிய முதல் படங்களில் இதுவும் ஒன்று என்பதற்காக ஒரு தடவை பார்க்கலாம். டெவில்ஸ் ஏஞ்சல்ஸ் (1967) படத்தில் ஜான் கசாவெடிஸ் நடித்தார் என்பது தவிரச் சொல்ல அதிகம் இல்லை. நடித்துச் சம்பாதித்த பணத்தைத் தன் சொந்தப் படமான ஃபேசஸை முடிக்கச் செலவழித்தவர் அவர், அந்த வகையில் புண்ணியம். ஷீ-டெவில்ஸ் ஆன் வீல்ஸ் (1968) பெண்களே நடத்தும் கும்பலைப் பற்றியது. பைக் ஓட்டத் தெரிந்த பெண்களைத் தேடிப் பிடித்து நடிக்க வைத்தார்கள், ஓட்டுவது நன்றாக இருக்கிறது, வசனம் பேசுவது கொடுமை. சேட்டன்ஸ் சேடிஸ்ட்ஸ் (1969) பக்கம் போகவே வேண்டாம். வெஸ்ட் சைட் ஸ்டோரியில் துள்ளி ஆடிய ரஸ் டாம்ப்ளின் இதில் கொலைகாரக் கும்பலின் தலைவன். அவருக்காகத்தான் வருத்தமாக இருந்தது.

சரி, எது? ஒளிப்பதிவுக்காகவும் நிக்கல்சனின் ஆரம்ப காலத்துக்காகவும் பார்ப்பவர் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆன் வீல்ஸை எடுக்கலாம். நல்லவன் கெட்டவன் என்று பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்பவருக்குப் பார்ன் லூசர்ஸ். இரண்டுமே இல்லாமல் ஒன்றே ஒன்று பார்க்கிறேன், இந்த வகை என்னவென்று அதில் தெரிய வேண்டும் என்பவருக்கு என் பதில் வைல்ட் ஏஞ்சல்ஸ். நாயகிக்கு வேலை இல்லை, நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, பாலைவனப் பார்ட்டிக் காட்சிகளில் ஒன்றை வெட்டியிருக்கலாம். இருந்தாலும் மற்ற படங்கள் எல்லாம் இதைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டன, இதன் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிக் காட்சியில் போலீஸ் சைரன் கேட்டு எல்லாரும் ஓட, ப்ளூஸ் மட்டும் குழிக்குப் பக்கத்தில் நின்று மண்ணைத் தள்ளுகிறான். போவதற்கு இடம் எதுவும் இல்லை என்று அவனே சொல்லிவிடுகிறான். தப்பி ஓடுவதையே விற்பனைச் சரக்காகக் கொண்ட ஒரு படம் தன் நாயகனை இப்படி நிறுத்தி வைத்தது பெரிய விஷயம்.

ஈஸி ரைடரோடு இதற்கு நேரடி உறவும் உண்டு. 1967இல் டொரான்டோவில் ஒரு ஹோட்டல் அறையில், வைல்ட் ஏஞ்சல்ஸ் படத்தின் ஸ்டில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு பேர் பைக்கில் நாட்டைக் குறுக்கே கடக்கும் யோசனை ஃபோண்டாவுக்கு வந்தது. அதைக் கார்மன் வேலை செய்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் கம்பெனியிடம்தான் முதலில் கொண்டுபோனார்கள். படப்பிடிப்பு தாமதமானால் இயக்குநர் டென்னிஸ் ஹாப்பரை மாற்றும் உரிமை வேண்டும் என்று அவர்கள் கேட்க, பேச்சு முறிந்தது. படம் வேறு கைக்குப் போனது. கார்மன் படத்தின் பட்ஜெட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம், சுமார் 4,00,000 டாலரில் முடித்து உலகம் முழுக்க அள்ளியது. இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தால், ப்ளூஸ் நின்றுவிட்ட இடத்திலிருந்துதான் ஃபோண்டா மறுபடி வண்டியைக் கிளப்பியிருக்கிறார் என்று தோன்றும்.

பிரதியைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். வைல்ட் ஏஞ்சல்ஸ் பானாவிஷனில் எடுத்த அகலத்திரைப் படம். பழைய தொலைக்காட்சிக்காக இரண்டு ஓரத்தையும் வெட்டிய பிரதியில் பார்த்தால் பைக் வரிசையில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். அகலமான பிரதி கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. அதுவரைக்கும் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆன் வீல்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.